நிமிடத்துக்கு நாற்பது சுற்று: வீட்டில் செய்த டிரம்மில் கல் மெருகேறும் விதம்

கரடுமுரடான கற்களை ஒரு டிரம்மில் போட்டு, தண்ணீரும் தேய்ப்புத் தூளும் சேர்த்து நாலைந்து வாரம் விடாமல் சுழற்றினால் கண்ணாடி மாதிரி மின்னும் கற்கள் கிடைக்கும். இதற்கான இயந்திரம் கடையில் கிடைக்கிறது, ஆனால் ஒரு கனமான பிளாஸ்டிக் டப்பா, இரண்டு இரும்புக் கம்பி, நாலு பேரிங், வேறு எதிலிருந்தோ கழற்றிய ஒரு மோட்டார் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். அப்படிச் செய்கிறவர்கள் பலரும் மோட்டாரின் சக்தியைப் பற்றியும் டிரம்மின் உறுதியைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். உள்ளே கற்கள் எப்படி நகர்கின்றன என்பது புரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பழைய சாமான்களை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். அது புரியாவிட்டால் எவ்வளவு நேர்த்தியான இயந்திரத்திலும் கல் உடைசலும் சிராய்ப்புமாகத்தான் வெளியே வரும்.

டிரம் கல்லைத் தேய்ப்பதில்லை. கல்லைக் கல்தான் தேய்க்கிறது, நடுவில் தூள் இருக்கிறது, அவ்வளவுதான். டிரம் சுழலும்போது உள்ளே இருக்கும் குவியல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறுகிறது. சரிவு ஓர் அளவைத் தாண்டியதும் மேலே இருக்கும் கற்கள் மட்டும் பிடி விட்டு, சறுக்கி உருண்டு கீழே வருகின்றன. அடியில் கிடப்பவை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு பேசாமல் மேலே போகின்றன, அந்த நேரத்தில் அவை ஒன்றோடொன்று அவ்வளவாக உரசிக்கொள்வதில்லை. ஆக, தேய்மானத்தில் பெரும்பங்கு குவியலின் மேல்பரப்பில், இரண்டு மூன்று கல் கனத்துக்கு ஓடும் அந்த மெல்லிய அடுக்கில்தான் நடக்கிறது. ஒவ்வொரு கல்லும் மேலே போய், இந்த அடுக்கில் சறுக்கி, அடியில் புதைந்து, மறுபடி மேலே போகிறது. நாம் கட்டுகிற இயந்திரத்தின் ஒரே வேலை இந்த அடுக்கு நிதானமாக, நிற்காமல் ஓடுகிறபடி பார்த்துக்கொள்வது.

வேகம் முக்கியமாவது இதனால்தான். டிரம்மை வேகமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கற்கள் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது: டிரம்மின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 10 செ.மீ. டிரம்முக்குச் சுமார் 134, 15 செ.மீ.க்கு 109, 20 செ.மீ.க்கு 95. தாது அரைக்கும் ஆலைகளில் எல்லை வேகத்தின் முக்கால் பங்கு வரைகூட ஓட்டுவார்கள், ஏனென்றால் அங்கே இரும்புக் குண்டுகள் உயரத்திலிருந்து விழுந்து கல்லை நொறுக்க வேண்டும். நமக்கு வேண்டியது நேர் எதிர், எதுவும் விழவே கூடாது, சறுக்கத்தான் வேண்டும். எனவே எல்லை வேகத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து அதிகபட்சம் பாதி வரை போதும். அதற்கு மேலே போனால் கற்கள் எகிறி விழும், விழுகிற ஒவ்வொரு அடியிலும் பரப்புக்குக் கீழே பிறை வடிவத்தில் நுண்ணிய விரிசல் விழும், கடைசியில் எவ்வளவு மெருகு போட்டாலும் விளிம்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது போலத் தெரிவது அதுதான். மெதுவாக ஓடினால் நேரம்தான் கூடும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டு லாபம் இல்லாத வேலை இது.

சரி, சாதாரண மோட்டாரை இந்த வேகத்துக்கு எப்படி இறக்குவது? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நாலு காந்தமுனை இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும். மோட்டாரில் சின்னப் புல்லி, உருளைக் கம்பியில் அதைப்போல் ஆறு மடங்கு விட்டமுள்ள புல்லி, இரண்டுக்கும் ஒரு பெல்ட் என்று போட்டால் கம்பி 240 சுற்றுக்கு வந்துவிடும். அந்தக் கம்பி, மேலே மாட்டிய ரப்பர் குழாயோடு சேர்த்து 2.5 செ.மீ. விட்டம் என்றும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டிரம் 15 செ.மீ. என்றும் வையுங்கள், இன்னொரு ஆறு மடங்கு இறங்கி 40 சுற்று. கொஞ்சம் வழுக்கும், அதனால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும், பரவாயில்லை. இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் மோட்டார் சுற்றினால் போதும், மற்றது டிரம்மைத் தாங்கிக்கொண்டு தானாகச் சுற்றும். கம்பிக்கு ரப்பர் உறை போடாமல் விட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலே டிரம் வழுக்கி நின்றுவிடும். டிரம் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து கீழே இறங்கப் பார்க்கும் என்பதால் இரண்டு முனையிலும் ஒரு தடுப்பு வேண்டும், படுக்கையாக வைத்த ஒரு பேரிங்கே போதுமானது.

மோட்டார் விஷயத்தில் சக்தியைவிட முக்கியம், வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடினாலும் தாங்குமா என்பது. கார் வைப்பர் மோட்டாரைப் பலரும் பரிந்துரைப்பார்கள், 12 வோல்ட் என்பதால் தண்ணீர் புழங்கும் இடத்தில் ஷாக் பயம் குறைவு, உள்ளேயே கியர் இருப்பதால் வேகமும் குறைவு. ஆனால் மழை பெய்யும்போது மட்டும் ஓட வேண்டியதை மாதக்கணக்கில் ஓட்டினால் அதன் கார்பன் பிரஷ் தேய்ந்துபோகும். மின்விசிறி மோட்டாரைக் கழற்றிப் போடுகிறவர்கள் அதன் இறக்கையும் கூடவே போய்விடுவதை மறந்துவிடுகிறார்கள், அந்த இறக்கையின் காற்றுதான் அந்த மோட்டாரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. எந்த மோட்டாராக இருந்தாலும் முதல் நாள் கூடவே இருந்து, அடிக்கடி சூடு பார்த்து, அப்புறம்தான் ராத்திரி முழுக்க ஓட விடவேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகவே இணைப்புக் கொடுங்கள், டிரம்முக்கு அடியில் மோட்டார் பக்கம் வழியாத மாதிரி ஒரு தட்டும் வையுங்கள்.

டிரம்முக்குக் கனமான பிவிசி குழாயை நறுக்கி ஒரு முனையை ஒட்டி அடைத்து மறுமுனையில் இறுகும் ரப்பர் மூடி போடுவதுதான் நான் பார்த்தவற்றில் நல்ல வழி. ஒரு சிக்கல் உண்டு. வழவழப்பான வட்டச் சுவரில் கற்கள் ஏறாது, மொத்தக் குவியலும் ஒரே கட்டியாக அடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும், மேலே சறுக்கும் அடுக்கே உருவாகாது, கல்லுக்குப் பதில் குழாய்தான் தேயும். பழைய டயர் டியூபை வெட்டி உள்சுவர் முழுக்க ஒட்டி, அதன் மேல் நாலைந்து ரப்பர்ப் பட்டைகளை நீளவாக்கில் வரம்பு மாதிரி வைத்தால் கற்கள் பிடித்துக்கொண்டு ஏறும், சத்தமும் பாதியாகும். ரப்பர் தேய்ந்துவிடாதா என்றால், அது தூளின் குத்தலுக்கு நசுங்கிக்கொடுத்து மீண்டுவிடுவதால் கடினமான பிளாஸ்டிக்கைவிட மெதுவாகவே தேயும்.

தகர டின், அலுமினியப் பாத்திரம் இரண்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒருபுறம் இருக்க, அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் தண்ணீரிலிருந்து காப்பது அவற்றின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலம்தான். டிரம்முக்குள் அந்தப் படலம் இடைவிடாமல் சுரண்டப்படுகிறது, வெறும் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. இறுக மூடிய டப்பாவில் எரியும் வாயு சேர்வது விளையாட்டு இல்லை. பிளாஸ்டிக் டிரம்மிலும் சில கற்களால் வாயு சேரலாம், அதனால் ஒவ்வொரு புதுச் சுற்றிலும் முதல் சில நாட்கள் தினம் ஒருமுறை மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அப்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.

எவ்வளவு நிரப்புவது என்பதும் அந்த மேல் அடுக்கை வைத்துத்தான். மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை. பாதிக்குக் குறைந்தால் சறுக்கும் தூரம் அதிகமாகிக் கற்கள் மோதிக்கொள்ளும், விளிம்பு வரை நிரப்பினால் நகர இடமே இருக்காது. அளவும் கலந்திருக்க வேண்டும், பெரிய கல்லின் குழிவான இடத்துக்குள் போய்த் தேய்க்கச் சின்னக் கல்லால்தான் முடியும். தண்ணீர் மேல் வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நின்றால் சரி.

எல்லாக் கல்லும் மின்னாது. 1812-ல் ஜெர்மன் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரை போகும் கடினத்தன்மை அளவுகோலில் 7-ல் இருக்கும் குவார்ட்ஸும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த அகேட், ஜாஸ்பர் வகைகளும்தான் இதற்கென்றே பிறந்தவை. கத்தி முனையால் கீறிப் பாருங்கள், கீறல் விழுந்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடலாம். கருங்கல் பலரை ஏமாற்றுகிறது. அதில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, ஆனால் இடையிடையே மின்னும் மைக்கா மூன்றுக்கும் கீழே. மைக்கா முதலில் தேய்ந்து குழியாகிவிடும், குழிக்குள் தூள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அது அடுத்த கட்டத்தில் வெளியே வந்து எல்லாக் கற்களையும் கீறும். வெவ்வேறு கடினமுள்ள கற்களை ஒன்றாகப் போட்டால் மென்மையானவை கரைந்தே போகும்.

தூள் என்பது சிலிக்கான் கார்பைடு. செயற்கை வைரம் செய்ய முயன்ற எட்வர்ட் அச்சிசன் 1891-ல் இதைக் கண்டடைந்தார், கார்போரண்டம் என்று பெயரிட்டார். கடினம் 9-க்கு மேல். முதல் கட்டத்துக்கு 60/90 எண் தூள் (60 முதல் 90 எண் வரையான துகள்கள் கலந்தது), ஒரு கிலோ கல்லுக்குச் சுமார் மூன்று மேசைக்கரண்டி. 60 எண் துகள் ஒன்று கால் மில்லிமீட்டர் இருக்கும், எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். இந்தத் துகள் உப்புத்தாளில் இருப்பதுபோல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு சுரண்டுவதில்லை. இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டி உருள்கிறது. உருளும்போது அதன் கூர்முனை கல்லில் அழுந்தி, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. பக்கத்து விரிசலோடு அது சேரும்போது ஒரு சில்லு பெயர்ந்து வருகிறது. துகளும் உடைகிறது, ஆனால் சிலிக்கான் கார்பைடு மழுங்காமல் புதுக் கூர்முனைகளோடு உடைவதுதான் அதன் அருமை. ஒரு வாரத்தில் தூள் பொடிப்பொடியாகி, கல்மாவோடு கலந்து சாம்பல்நிறக் குழம்பாகிவிடும். அதற்குள் 40 சுற்று வேகத்தில் டிரம் நாலு லட்சம் முறை சுற்றியிருக்கும். குழம்பு கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது, தூளைக் கல்லின் மேல் பிடித்துவைக்கும். ரொம்பவும் கெட்டியானால் மெத்தை போலாகித் தேய்மானம் நின்றுவிடும்.

கல்லின் வடிவத்தைத் தீர்மானிப்பது முதல் கட்டம் மட்டுமே. துருத்திக்கொண்டிருக்கும் முனைகள்தான் அதிகம் அடிபடும், அதனால் அவை முதலில் போகும், தட்டையான பக்கம் மெதுவாகத் தேயும். வளைவு எங்கே அதிகமோ அங்கே தேய்மானமும் அதே விகிதத்தில் அதிகம் என்று வைத்துக்கொண்டால் கல் கடைசியில் கோளமாகத்தான் ஆகவேண்டும் என்று வில்லியம் ஃபைரி 1974-ல் கணிதமாகவே காட்டினார். ஆற்றுக் கற்களை ஆராய்ந்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் இரண்டு கட்டங்கள் இருப்பதைக் காட்டியது: முதலில் மூலைகள் மட்டும் மழுங்கும், கல்லின் குறுக்களவு அவ்வளவாக மாறாது, மூலைகள் எல்லாம் போன பிறகுதான் கல் மொத்தமாகச் சிறுக்கத் தொடங்கும். செவ்வாய் கிரகத்தில் 2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி படம் பிடித்த உருண்ட கூழாங்கற்களைப் பார்த்ததும் அங்கே ஒரு காலத்தில் நீரோடை இருந்தது என்று சொல்ல முடிந்ததும் இந்த வடிவத்தை வைத்துத்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓகுஸ்ட் டோப்ரே என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் சுழலும் உருளைகளில் கல்லும் தண்ணீரும் போட்டு ஆற்றின் வேலையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். நம் டிரம்மும் அதே சோதனைதான். அதனால் முதல் கட்டத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு வைக்காதீர்கள், வடிவம் திருப்தியாகும்வரை புதுத் தூள் போட்டு இன்னும் இரண்டு மூன்று வாரம்கூட ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு 120/220, அப்புறம் 500, கடைசியில் மெருகுத் தூள். ஒவ்வொன்றின் வேலையும் முந்தையது போட்ட கீறலை அழித்துவிட்டு அதைவிடச் சின்னக் கீறலைப் போடுவது. எதுவரை என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர், பரப்பின் மேடுபள்ளங்கள் அதைவிட நன்றாகக் குறைந்துவிட்டால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும், அதைத்தான் பளபளப்பு என்கிறோம். ஈரமான கல் எந்தக் கட்டத்திலும் அழகாகத் தெரியும், தண்ணீர் கீறல்களை நிரப்பிவிடுகிறது. எனவே நன்றாகக் காயவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மெருகுக்கு ஒரு மைக்ரான் அளவிலான அலுமினியம் ஆக்சைடோ சீரியம் ஆக்சைடோ பயன்படும். சீரியம் ஆக்சைடு குவார்ட்ஸைவிட மென்மையானது, அது குவார்ட்ஸை எப்படி மெருகேற்றுகிறது? மெருகு என்பது மிக நுண்ணிய கீறல்தான் என்று நியூட்டன் நினைத்தார். இல்லை, பரப்பே கூழாக இளகி வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்று 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி வாதிட்டார். சீரியம் ஆக்சைடு விஷயத்தில் வேதியியலுக்கும் பங்கு இருக்கிறது என்பது இப்போது தெளிவு: தண்ணீர் பட்டு இளகிய சிலிக்கா பரப்போடு துகள் வேதிப்பிணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, நகரும்போது அணுக்கள் அளவில் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரு கல்லைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள்தான் வேண்டும் என்ற விதி இங்கே உடைவது எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம்.

கட்டம் மாறும்போது கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே ஒரு 60 எண் துகள் மெருகுக் கட்டத்துக்குள் போய்விட்டால் ஒரு வார உழைப்பு வீண். மெருகுக்கென்று தனி டிரம்மே வைத்துக்கொள்வது நல்லது, ரப்பரில் புதைந்த துகளை யாராலும் முழுசாக எடுக்க முடியாது. கழுவிய குழம்பை மட்டும் எந்தச் சாக்கடைக் குழாயிலும் ஊற்றாதீர்கள், அடியில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, படிந்ததை ஈரமாக இருக்கும்போதே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்தால் அதில் இருப்பது மிக நுண்ணிய சிலிக்கா தூசி, அதைச் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம்.

மெருகுக் கட்டத்தில் கற்கள் தட்டிக்கொள்வதே கேடு, இடையே பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு நிரப்புங்கள். ஓடி முடிந்ததும் துருவிய சோப்பும் தண்ணீரும் போட்டுச் சில மணி நேரம் ஓட்டி, கழுவிக் காயவைத்து, விளக்கொளியில் ஒரு கல்லைப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் கல்லில் கூர்மையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மங்கலாகத் தெரிந்தால் மெருகுத் தூளை இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பயனில்லை, 500-க்குத் திரும்பிப் போங்கள்.