14 பந்தில் மூன்று விக்கெட்

கிரிக்கெட் லீக் அணி ஒன்றுக்குப் புள்ளிவிவரம் பார்த்துத் தருவது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் கேப்டனிடம், "அண்ணே, இந்தப் பையன் நம்ம இடதுகை ஸ்பின்னர்கிட்ட 14 பந்துல மூணு தடவை அவுட். வந்ததுமே அவர்கிட்ட பந்தைக் குடுங்க" என்றேன். கொடுத்தார். அந்த ஓவரில் மூன்று சிக்ஸர்.

இரவு பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். முதல் விக்கெட், கடைசி ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு தூக்கியது. இரண்டாவது, வைடாகப் போகவேண்டிய பந்து கிளவுஸில் உரசி கீப்பர் கைக்குப் போனது. பவுலர் திட்டம் போட்டு எடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு. டி20-இல் ஒருவர் 20 பந்துக்கு ஒருமுறை அவுட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல ஆட்டங்களில் சேர்த்து ஒரே பவுலரிடம் 12 பந்து ஆடினால், அந்த பவுலரிடம் விசேஷமாக எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு முறையோ அதற்கு மேலோ அவுட் ஆக 100-க்கு சுமார் 12 வாய்ப்பு உண்டு. இப்படி 200 ஜோடி இருந்தால் இருபத்துச் சொச்சம் 'ஆகாத பவுலர்கள்' தானாகவே முளைத்துவிடுவார்கள். டிவியில் நாம் பார்ப்பது அவர்களைத்தான். (ஆங்கிலத்தில் அப்படி மாட்டும் பேட்ஸ்மேனை முயல் என்ற பொருளில் 'பன்னி' என்பார்கள். தமிழில் வேறு மிருகம் வந்து நிற்கிறது, விட்டுவிடுவோம்.)

டெஸ்ட்டில் இங்கிலாந்தின் மைக்கேல் ஆதர்ட்டனை ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ரா 19 முறை அவுட் ஆக்கினார். ஆதர்ட்டன் பயந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெஸ்ட் இண்டீஸின் ஆம்புரோஸும் வால்ஷும்கூட அவரை ஆளுக்கு 17 முறை எடுத்திருக்கிறார்கள். தொடக்க ஆட்டக்காரர், புதுப் பந்து, எதிரே அந்தக் காலத்தின் பெருந்தலைகள். வேறு யாரிடம் அவுட் ஆவார்?

ஆஸ்திரேலியாவின் இடதுகை தொடக்க ஆட்டக்காரர் டேவிட் வார்னர், இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஸ்டூவர்ட் பிராட் கதை வேறு. 2019 ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) வார்னரின் 10 இன்னிங்ஸில் 7 முறை அவரை அவுட் ஆக்கியவர் பிராட். தொடர் முழுக்க வார்னர் எடுத்தது 95 ரன். இங்கே எண்ணைவிட எனக்கு முக்கியம், காரணம் கண்ணுக்குத் தெரிவது: ரவுண்ட் தி விக்கெட்டிலிருந்து (பவுலர் வழக்கமான பக்கத்தை விட்டு ஸ்டம்பின் மறுபக்கமாக வந்து வீசுவது) ஸ்டம்பை நோக்கி உள்ளே வரும் பந்து, பிட்ச் ஆனபின் நேராகலாம், வெளியேயும் போகலாம். ஆடாமல் விடவும் முடியாது. எல்பிடபிள்யூ, போல்டு, கீப்பர் கேட்ச் எல்லாம் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் அடிலெய்டில் பாகிஸ்தானுக்கு எதிராக இதே வார்னர் 335 நாட் அவுட்!

இப்போது நான் தரும் தாளில் விக்கெட்டுக்குப் பக்கத்திலேயே பந்து எண்ணிக்கையும், அவுட் ஆன விதமும் இருக்கும். 30 பந்துக்குக் குறைந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். "என்னப்பா, பாதித் தாள் வெறுமையா இருக்கு?" என்று கேப்டன் இன்றும் கேட்கிறார்.