நாங்கள் வந்து சேர்வதற்குள்

விடியற்காலை மூன்று மணிக்கு வரும் போனில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐஸ் பெட்டி எப்ப வரும்?" மதுரையில் பதினெட்டு வருடமாக இறுதிக் காரியங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்து வருகிறேன். பெட்டி எப்படியும் வந்துவிடும். அது வருவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அதைக் கேட்பவர்கள் குறைவு.

முதலில் டாக்டர். வீட்டிலேயே உயிர் பிரிந்தால், வழக்கமாகப் பார்த்துவந்த டாக்டரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இறப்பின் காரணத்தை எழுதி அவர் தரும் படிவம் 4ஏ, இறப்பைப் பதிவு செய்யத் தேவைப்படும். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை. விபத்து, தற்கொலை, விஷம், இல்லை வேறு ஏதாவது சந்தேகம் என்றால் குளிப்பாட்டவோ துணி மாற்றவோ கூடாது. போலீசுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கண் தானம் செய்ய நினைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள்கூடக் கொடுக்கலாம்.

அப்புறம் நாடிக்கட்டு. நம் பெரியவர்கள் அழுகையோடு அழுகையாக முதலில் இதைத்தான் செய்வார்கள். கண்ணை மூடி, நாடியை, அதாவது மோவாயை, துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, கைகளை நேராக்கி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். இது வெறும் சடங்கில்லை. இறந்து இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இமையிலும் தாடையிலும் விறைப்பு தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவிவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே வரும். ஒரு வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. "அம்மா வாயை மட்டும் மூடிருங்கண்ணா" என்று அந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெறுமனே அழுத்தினால் மூடாது. தாடையை மெதுவாக நீவி நீவித் தளர்த்தி, நாடிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து மூட அரைமணி நேரம் பிடித்தது. ஆரம்பத்திலேயே கட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. பல்செட் இருந்தால் அதையும் நாடிக்கட்டுக்கு முன்பே மாட்டிவிடுங்கள். மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்ற வேண்டியதும் அப்போதுதான், இரண்டு பேர் பார்க்க.

குளிப்பாட்டும்போது நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடலைப் புரட்டினால் நுரையீரலில் தங்கிய காற்று பெருமூச்சு மாதிரி வெளியே வரும். "உயிர் இருக்கு!" என்று வீடே அலறியதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வீட்டில், பாயில் கிடத்தியிருந்த பெரியவரைத் திருப்பியதும் முதுகு முழுக்கச் செந்நீலம். அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். "பிரம்பால அடிச்சிருக்காங்க" என்று மகள் கத்த, அதுவரை அவரைப் பார்த்துக்கொண்ட மருமகள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தங்கும். ஓரிரு மணி நேரத்தில் அது தோலில் தெரியும். தரையில் அழுந்திய இடத்தில் மட்டும் ரத்தம் இறங்காமல் வெளுத்திருக்கும். அந்தக் கோடுகள் பாயின் கோரை அழுந்திய தடம். அந்தப் பாயை எடுத்துப் பக்கத்தில் பிடித்துக் காட்டியபோதுதான் மகள் அடங்கினார். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். துஷ்டி வீட்டில் வைத்து யார்மேலும் பழி போடாதீர்கள்.

பெட்டி வந்ததும் எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில்தான் செருக வேண்டும். பந்தல் லைட்டுக்கு இழுத்த ஒயரில் கொடுக்காதீர்கள். இரும்புச் சட்டம், ஈரக் கை, மேலே சாய்ந்து அழும் சொந்தங்கள். எந்த இடத்தில் கரண்ட் கசிந்தாலும் ஆபத்து. ஒவ்வொருவர் வரும்போதும் மூடியைத் திறந்தால் உள்ளே குளிர் நிற்காது.

பேஸ்மேக்கர் வைத்திருந்தவர் என்றால் அதை எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எரியூட்டும்போது அதன் பேட்டரி வெடிக்கும். டாக்டரை வைத்து முன்பே எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பையன்கள் வீட்டுக்குள் "பாடி" என்று சொல்லக்கூடாது. அம்மா, ஐயா, பாப்பா என்றுதான் சொல்ல வேண்டும். இறந்தவரைப் பற்றிச் சின்னச் சின்ன விஷயத்தையும் எங்களிடம் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வாத்தியாருக்கு நான் தலை சீவிவிட்டேன். அவருடைய பேரன் பக்கத்தில் வந்து, "தாத்தாவுக்கு வகிடு இந்தப் பக்கம்" என்று தன் தலையில் தொட்டுக் காட்டினான். சீப்பை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.