காடை வாங்கும் முன் கூண்டைப் பாருங்கள்

“கட்டிலில் கிடப்பவருக்குக் காட்டில் கிடக்கும் காடை” என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பியோ, பிள்ளைகளுக்குப் புது முட்டை கிடைக்கட்டும் என்றோ, இங்கே சிங்கப்பூரில் வீட்டிலேயே காடை வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால் பேச்சே இல்லை. கோழி, வாத்து, காடை எதற்கும் அனுமதி கிடையாது. தரைவீட்டில் 10 வரை வளர்க்கலாம். ஆனால் காகமும் மைனாவும் நுழைய முடியாத கூண்டு கட்டாயம். வெளிப் பறவைகளின் எச்சத்தால் பறவைக் காய்ச்சல் பரவக்கூடும் என்பதே காரணம். எலி வந்தால் அதன் பின்னால் வடிகால் வழியே மலைப்பாம்பும் வரும், அதையும் நினைத்துக் கம்பி வலையைத் தேர்ந்தெடுங்கள்.

கால்நடை மருத்துவராக நான் அடிக்கடி பார்ப்பது மண்டையில் அடிபட்ட காடைகளைத்தான். பயந்தால் காடை ஓடாது, செங்குத்தாக மேலே பாயும். இரண்டடி, மூன்றடி உயரக் கூண்டில் அதற்கு வேகமெடுக்க இடம் கிடைத்துவிடுகிறது. மேல் கம்பியில் மோதித் தோல் கிழிகிறது, சில நேரம் கழுத்தே போய்விடுகிறது. பாசத்தோடு பெரிய கூண்டு வாங்கியவர்களிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும், மேலே மெத்தென்ற வலை கட்டுங்கள். தாராளமெல்லாம் நீள அகலத்தில் இருக்கட்டும்.

தலையில் கொத்துக்காயம் என்றால் கதை வேறு. சேவல்கள் அதிகம் என்று அர்த்தம். மூன்று வாரத்தில் நெஞ்சைப் பார்த்தாலே தெரியும்: செம்பழுப்பாக இருந்தால் சேவல், கரும்புள்ளிகள் இருந்தால் பெட்டை. சாப்பிடும் முட்டைக்குச் சேவலே தேவையில்லை.

“முட்டை நின்றுபோச்சு டாக்டர், டானிக் ஏதாவது குடுங்க” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். முட்டையிடும் காடைக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். டைமர் வைத்த சின்ன விளக்கு ஒன்று போதும். தீவனத்தில் 20 விழுக்காடு புரதமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? 6 பெட்டைகள் நன்றாக இட்டால் நாளுக்கு 5 முட்டை. ஒன்று 10 கிராம் அளவுதான், ஆக மொத்தம் ஒரு கோழி முட்டை! கோழி முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு இது பாதுகாப்பான மாற்றும் அல்ல. இறைச்சிக்காக வளர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. 10 காடையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் தீர்ந்துவிடும். கடையில் உறையவைத்ததை வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் மலிவு என்று குஞ்சுகளைக் காரில் மறைத்து எடுத்துவராதீர்கள். அனுமதியின்றி உயிருள்ள பறவையைக் கொண்டுவருவது குற்றம்.