எத்தனை மணிக்கு ஆக்கிய குழம்பு?

"கடையில எதுவும் வாங்கிச் சாப்பிடல டாக்டரம்மா, வீட்டுச் சாப்பாடுதான்." வாந்தியும் வயிற்றுப்போக்குமாக என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டில் ஆக்கியதில் குற்றம் இருக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். நான் அடுத்துக் கேட்பேன்: "உங்க வீட்டுல ஆக்குனதா, வேற வீட்டுல இருந்து வந்ததா? எத்தனை மணிக்கு இறக்குனாங்க? நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் எந்த வீட்டிலும் தனக்கென்று மட்டும் அடுப்பு எரிவதில்லை. மீன்பாடு நன்றாக இருந்த நாளில் அக்கா வீட்டுக்கு ஒரு கூறு போகும். குழம்பு கொதித்ததும் மதினி வீட்டுக்குத் தூக்குவாளியில் போகும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் வரும். பொங்கல், கிறிஸ்துமஸ், தர்கா கந்தூரி என்று எதுவானாலும் பாத்திரங்கள் தெருவில் நடந்துகொண்டே இருக்கும். இந்தப் பழக்கம் என்றைக்கும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவள் நான். அதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு வீட்டில் நடந்த கவனக்குறைவு இங்கே ஒரே வீட்டோடு நிற்பதில்லை, குழம்பு போன எல்லா வீட்டுக்கும் போகிறது.

ஆக்கியவர் சுத்தமானவரா, பாசமானவரா என்பதைவிட அந்தச் சாப்பாடு அடுப்புக்கு முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பதுதான் முக்கியம். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில். நம் ஊர் அடுப்படி வருடம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. பொதுவாகச் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் நம் கரையில் எத்தனை நாள் அதற்குக் கீழே இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில் மீன். சூரை, அயலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) இந்த மூன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், முகமும் கழுத்தும் நெஞ்சும் சிவந்து எரியும். தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு அரிக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். "மீன் சேரலை போலிருக்கு டாக்டரம்மா, இனிமே வாழ்க்கையில மீனே தொடக் கூடாதா?" என்று பயந்துபோய்க் கேட்பார்கள். விசாரித்தால், அதே குழம்பைச் சாப்பிட்ட மாமியாருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே மாதிரி ஆகியிருக்கும். ஒவ்வாமை என்றால் ஒருவருக்குத்தான் வரும். தெருவில் நாலு பேருக்குச் சேர்ந்து வந்தால் நான் மீனைத்தான் சந்தேகப்படுவேன்.

இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் செத்த பிறகு குளிர்ச்சியில்லாமல் கிடந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரக்கிற பொருளும் அதுதான். அதனால்தான் அறிகுறிகள் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. புளி எவ்வளவு ஊற்றினாலும் அது அப்படியே இருக்கும். பார்வைக்கு மீன் நன்றாகவே தெரியலாம், வாடையும் வராமல் இருக்கலாம். சிலருக்கு மட்டும் முதல் வாயிலேயே நாக்கில் மிளகு கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும். அப்படி இருந்தால் அந்த வாயைத் துப்பிவிட்டு மீதியை ஒதுக்கிவிடுங்கள்.

ஆகவே மீனுக்குக் கணக்கு கடற்கரையிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் செவுளையும் குடலையும் எடுத்துக் கழுவி உடனே குளிரில் வையுங்கள். மசாலா தடவிய மீனை மதியம் வரை அடுப்படி மேடையில் ஊற வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது ஃபிரிட்ஜுக்குள் ஊறினால் ருசி ஒன்றும் குறைந்துவிடாது. மதுரையில் இருக்கும் மகளுக்குப் பேருந்தில் பச்சை மீன் கொடுத்து அனுப்புகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். பிளாஸ்டிக் பையில் மேலாக நாலு ஐஸ் துண்டு போட்டால் மானாமதுரைக்கு முன்பே கரைந்துவிடும். தெர்மாகோல் பெட்டியில் அடியிலும் மேலேயும் ஐஸ் போட்டு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் கருவாடு அனுப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் போக மற்றது வெளியூரிலிருந்து வரும். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் சூரை வாங்கும்போது தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்குங்கள்.

பந்து போல ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நன்றாகக் கழுவினால் சாப்பிடலாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் விஷம் வெந்தாலும் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. உதடும் நாக்கும் மரத்து, பிறகு மூச்சே நின்றுவிடும். நீங்களும் ஆக்காதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது சோறு. சோறு இவ்வளவு ஆபத்தானதா என்று கேட்பார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் விடாத வாந்தி. தக்காளிச் சோறு, தேங்காய்ச் சோறு, பிரியாணி, இடியாப்பம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கையில் சிரங்கோ வெட்டுக்காயமோ இருப்பவர் பிசைந்து கொடுத்த சாப்பாட்டிலும் ஏறக்குறைய இதே நேரத்தில் வாந்தி வரும். அது வேறு கிருமி, அதன் நச்சும் சூட்டுக்கு அசையாது. "வாடை வரலையே, சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்?" என்று என்னிடம் வாதாடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சூட்டில் கிருமி சாகும், அது ஏற்கெனவே விட்டுவைத்த நச்சு சாகாது.

பெரிய அண்டாவில் ஆக்கும் கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. மேலே ஆறிவிடும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு நிற்கும். மூடி போட்ட அண்டா அடைகாக்கும் கோழி போலக் கிருமியை வளர்த்துக் கொடுத்துவிடும். இதில் வாந்தி அதிகம் இருக்காது. மதியம் சாப்பிட்டவர்கள் நள்ளிரவிலும் விடிகாலையிலும் வயிறு முறுக்கிப் பேதியோடு எழுந்திருப்பார்கள். கந்தூரிக்கோ கல்யாணத்துக்கோ மறுநாள் காலை என் வாசலில் கூட்டம் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நோன்புக் கஞ்சியை வாங்கிய மாலையே குடித்துவிட்டால் கவலை இல்லை. சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தின சாப்பாட்டுக்கு, ஆகட்டும் என்று தூக்குவாளியிலேயே மூடி வைப்பதுதான் கூடாது. மிச்சம் இருந்தால் அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். குழம்பானாலும் பிரியாணியானாலும் இதே வழிதான். பழைய சோற்றுக்கு இந்தப் பயம் ஏன் அவ்வளவாக இல்லை என்றால், தண்ணீர் ஊற்றிய சோறு இரவில் புளித்துவிடுகிறது. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் பெருக முடியாது. ஆனால் ராத்திரி வரை அப்படியே கிடந்த சோற்றில் கடைசியில் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. ஆறியதும் ஊற்ற வேண்டும்.

சரி, அப்புறம் எதைத்தான் கொடுத்து அனுப்புவது? நம் பாட்டிமார் கொடுத்தனுப்பியதைப் பாருங்கள், எளிய சாப்பாடாகவும் இருக்கும், சீக்கிரம் கெடாததாகவும் இருக்கும். தேங்காய் அரைக்காத சாளைப் புளிக்குழம்பு, நன்றாக முறுகப் பொரித்த நெத்திலி, கேப்பைப் புட்டு, கருப்பட்டி போட்ட கம்பு உருண்டை, அவித்த பனங்கிழங்கு. இவற்றில் பெரும்பாலானவற்றில் புளிப்போ உப்போ வறட்சியோ ஏதாவது ஒன்று காவல் இருக்கிறது. புட்டும் பனங்கிழங்கும் மட்டும் ஈரமுள்ளவை, அவித்த அன்றே சாப்பிட வேண்டும்.

புளிக்குழம்புக்கு அரை மணி நேரம் போதும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அதைத்தான், மல்லி, சீரகத்தோடு வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளி கரைந்ததும் மசாலாவையும் கெட்டியான புளிக்கரைசலையும் ஊற்றி எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். கடைசியில் மீனைப் போட்டு, சதை முள்ளை விட்டு லேசாகப் பிரியும் வரை வேக வையுங்கள். கொடுத்து அனுப்ப எவர்சில்வர் தூக்குதான் நல்லது. அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளிக்குழம்பை வைக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் கேரிபேக்கில் ஊற்றிக் கட்டவே கூடாது. தேங்காய்ப்பால் சொதி, நண்டு, கணவாய், தேங்காய்ச் சட்னி இவற்றை யாருக்காவது கொடுக்க ஆசைப்பட்டால், அவர்களை வீட்டுக்கு வரச்சொல்லிச் சுடச்சுடப் பரிமாறுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்குக் கருவாடு போகும்போது அளவு பார்த்து அனுப்புங்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டு இரண்டு முறை அலசினாலும் அதில் உப்பு மிச்சம் இருக்கும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு என்பதால் கத்தரிக்காய்க் குழம்பில் நாலு காய்ந்த இறால் கிள்ளிப் போட்டிருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "மதினி, பன்னெண்டு மணிக்கு இறக்குனது, ராத்திரிக்கு வச்சிராதீங்க." வாங்குகிறவர்களும் கேட்கலாம்: "லாத்தா, இது எப்ப ஆக்குனது?" இதைக் கேட்பது மரியாதைக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம், அதனால் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்புவதே நல்ல வழி.

இதையெல்லாம் மீறி வாந்தி பேதி வந்துவிட்டால் முதலில் உடம்பில் நீர் குறையாமல் பாருங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், அடங்காத வாந்தி, கடுங்காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குழந்தை துவண்டு கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நாக்கோ முகமோ வீங்கினாலும், மூச்சு திணறினாலும், உதடு மரத்தாலும் 108ஐ அழையுங்கள்.

வரும்போது மிச்சக் குழம்பைக் கொட்டிவிடாமல் மூடி எடுத்து வாருங்கள். ஆக்கியவருக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மனசு நோகும் என்று மறைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குழம்பு வேறு எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.