முழங்கையில் குடியேறிய ஜாகா

சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியம்மா, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். ஐம்பது காசு அகலத்துக்குச் சிவப்பு. அதன்மேல் மெழுகுவத்தியைச் சுரண்டியதுபோல வெள்ளைச் செதில்.

“மருந்து பூசினா மறையுது வாத்தியாரே. விட்டா அதே இடத்துலதான் வந்து குந்துது. இடத்த எப்படி ஞாபகம் வச்சிருக்கு?”

சொரியாசிஸ். பாடநூல் பகுதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மேல்தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இங்கே நான்கைந்து நாள்தான். முதிராத செல்கள் குவிந்து செதிலாகின்றன. இந்த அவசரத்துக்குப் பின்னால் இருப்பது நம்முடைய டி செல்களே, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களே, விடும் இன்டர்லூக்கின்-17 போன்ற புரதங்கள். அதனால் இது ஒட்டுவாரொட்டி இல்லை. பெரியம்மாவுக்கு வீட்டில் தனிக் கோப்பை வைத்திருக்கிறார்களாம், நாகதோஷம் என்று பரிகாரமும் செய்தாயிற்றாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, ஞாபகத்துக்கு வருவோம். டி செல் என்றால் இரத்தத்தில் சுற்றும் என்றுதான் படித்திருப்போம். தோலில் சுமார் 2,000 கோடி டி செல்கள் இருக்கின்றன, இரத்தத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அவற்றில் பல, ஒருமுறை வந்தால் திரும்பிப் போகாத ஜாகாக்கள், காவல்காரர்கள்.

எப்படித் தங்குகின்றன என்பதுதான் அழகு. திசுவைவிட்டுக் கிளம்பும் டி செல்லுக்கு எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறுதான் வழிகாட்டி. நிணநீரிலும் இரத்தத்திலும் அது அதிகம், திசுவில் குறைவு. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே செல் வெளியேறும். தங்கப்போகும் செல்லோ சிடி69 என்ற புரதத்தை உண்டாக்குகிறது; அது வாடை பிடிக்கும் ஏற்பியையே செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. தன் மூக்கைத் தானே பொத்திக்கொண்ட ஜாகா! அப்புறம் சிடி103 என்ற கொக்கியால் மேல்தோல் செல்களைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

2004-இல் வெளிவந்த ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. சொரியாசிஸ் உள்ளவர்களின் உடம்பில் படையே இல்லாத இடத்துத் தோலை எடுத்து, சொந்த டி செல் இல்லாத எலிகளில் ஒட்டினார்கள். வேறெதையும் செலுத்தவில்லை. அந்தத் தோலில் படை தானாகக் கிளம்பியது. தோலோடு வந்த டி செல்களைத் தடுத்தபோது வரவில்லை.

“அந்த ஜாகாவ வேலைய விட்டுத் தூக்க முடியாதா?”

களிம்பு அவனைத் தூங்கவைக்கும். இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் ஊசி அவன் போடும் சத்தத்தை அடக்கும். இந்தச் செல்களை ஊட்டி வளர்க்கும் இன்டர்லூக்கின்-23 என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கும் ஊசி அவனுக்குப் போகும் சாப்பாட்டில் கைவைக்கிறது. அடியோடு துரத்தும் மருந்து இன்னும் இல்லை. இருக்கிற ஊசிகளின் விலையைக் கேட்டாலே தோட்டத்துக் குடும்பங்கள் மலைத்துப்போகும். ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் விலையைக் குறைக்கும் வழிக்கும் போகலாம் என்பது என் கட்சி.

பேச்சோடு பேச்சாக அவர் விரல் மற்ற முழங்கைக்குப் போனது. “சொறியாதீங்க பெரியம்மா,” என்றேன். கீறிய இடத்தில் புதிதாகவே படை கிளம்பும் என்பதை கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்.

“அரிக்குதே,” என்றார், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே.