பிளக்-இன் ஹைபிரிட்: கலப்பினமா, ஒட்டா, ஈரியக்கமா?

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மைத்துனர் தன் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, இருபது வருடமாகப் பாரிசுக்குப் பக்கத்தில் இருப்பவர். டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், வெளியிலிருந்து சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் வண்டி அது. அவர் வாயில் அதன் பிரெஞ்சுப் பெயர் ‘இப்ரீத் ரெஷார்ஜாபிள்’.

“பிளக்-இன் ஹைபிரிட்னு சொல்லுங்க மாமா, எல்லாருக்கும் புரியும்” என்றாள் என் மகள்.

“சரிம்மா, தமிழ்ல எப்படிச் சொல்றது?”

“கலப்பின வாகனம்.”

பத்திரிகைகளிலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அதைக் கேட்டதும் என் கண்முன் வந்து நின்றது கார் இல்லை, கலப்பினக் கறவை மாடு.

மாடு வந்து நின்றதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹைபிரிட் என்ற சொல்லே பண்ணையிலிருந்து புறப்பட்டதுதான். லத்தீனில் ‘ஹைபிரிடா’ என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் இந்தப் பொருளில் அதைக் குறித்திருக்கிறார். ரோமானியத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அதே சொல்லால் அழைத்தார்கள். கௌரவமான சொல் இல்லை என்பது தெரிகிறது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அப்புறம் செடி, விதை, மாடு என்று பரவி, கடைசியில் காரில் ஏறிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த லத்தீன் சொல் முதலில் ‘இப்ரிடா’ என்றுதான் இருந்தது, வரம்பு மீறலைக் குறிக்கும் ‘ஹூப்ரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் சாயல் படிந்துதான் முன்னால் ‘ஹ’ ஒட்டிக்கொண்டது என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். அப்படியானால் ‘ஹ’வை விழுங்கிவிட்டு ‘இப்ரீத்’ என்று சொல்லும் மைத்துனர்தான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

கடலூர்க்காரனுக்கு ஹைபிரிட் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் கலப்பினமே உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. விதைக் கடையில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்று பை மேல் அச்சடித்திருக்கும். இங்கேதான் எனக்கு முதல் சிக்கல். கலப்பினம் வேறு, ஒட்டு வேறு. கலப்பின விதையில் தாயும் தந்தையும் கரைந்துவிடுகிறார்கள். எது யாருடைய பங்கு என்று பிரித்தெடுக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் விற்கும் ஒட்டுப் பலாக் கன்று அப்படி இல்லை. வேர் ஒரு மரத்துடையது, மேல்கிளை இன்னொரு மரத்துடையது. ஒட்டிய இடம் வருடக்கணக்கில் தழும்பாகத் தெரியும். இரண்டும் தத்தம் குணத்தோடு இருந்துகொண்டே ஒரே மரமாக வளரும். (இந்தக் கணக்கில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்ற பெயரே தப்பு. அது போகட்டும்.)

காரைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் தனியாக இருக்கிறது, மின்மோட்டார் தனியாக இருக்கிறது. ஒன்றுக்கு டேங்க், இன்னொன்றுக்குப் பேட்டரி. எதுவும் எதிலும் கரையவில்லை. சில நேரம் ஒன்று ஓடும், சில நேரம் மற்றொன்று, மேடு ஏறும்போது இரண்டும் சேர்ந்து. அதனால் இது கலப்பினத்தைவிட ஒட்டுக்குத்தான் நெருக்கம். ஆனால் ‘ஒட்டுக் கார்’ என்று சொன்னால் விபத்தில் உடைந்ததை ஒட்டவைத்த கார் என்று ஊரில் நினைப்பார்கள். அதனால் அதை நானே கைவிட்டுவிட்டேன்.

இந்த யோசனையும் புதிது இல்லை. 1900இல் ஆஸ்திரியாவின் லோனர் வண்டி நிறுவனத்துக்காக இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒரு வண்டி செய்தார். பெட்ரோல் எஞ்சின் சக்கரத்தைத் தொடாது. மின்சாரம் மட்டும் உண்டாக்கும், சக்கரத்துக்குள் இருந்த மோட்டார் வண்டியை ஓட்டும். அடுத்து வந்த வடிவத்துக்கு வைத்த பெயர் ‘மிக்ஸ்ட்’. பிரெஞ்சில் கலந்தது என்று பொருள். பெயர் வைக்கிறவர்களுக்குக் கலப்பு மோகம் அன்றே இருந்திருக்கிறது. 1997இல் டொயோட்டா பிரியஸ் வந்த பிறகுதான் ஹைபிரிட் தெருவுக்கு வந்தது. அந்த முதல் பிரியஸுக்கு வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கிடைப்பதைத்தான் பேட்டரி சேர்த்துக்கொள்ளும். நம் ஊரில் இன்று ‘ஸ்டிராங் ஹைபிரிட்’ என்று விற்கும் கார்களும் இந்த வகைதான். ஸ்டிராங், மைல்டு என்று காபி போல வகை பிரித்திருக்கிறார்களே தவிர, இரண்டிலும் செருகுவதற்கு ஒன்றும் கிடையாது. செருகும் வசதியோடு பெருமளவில் தயாரித்த முதல் கார் சீனாவின் பிஒய்டி 2008 டிசம்பரில் கொண்டுவந்த எஃப்3டிஎம்.

ஆக, கனம் முழுக்க ‘பிளக்’கில்தான் இருக்கிறது. அது டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பொருள் தக்கை, ஓட்டையை அடைப்பது. டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியையே கையில் வைத்திருந்தார்கள், ஆனால் நமக்கு அந்தச் சொல் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. வந்த பிறகு தமிழில் அது படும் பாடு தனி. மெக்கானிக் கடையில் ‘பிளக்கைக் கழட்டு’ என்றால் ஸ்பார்க் பிளக். வீட்டில் ‘பிளக்கைப் பிடுங்கு’ என்றால் மிக்சியின் ஒயர் முனை. சுவரில் இருக்கும் துளையும் ‘பிளக் பாயிண்ட்’தான். ஒரு பிளக்-இன் ஹைபிரிட்டில் பெட்ரோலுக்கும் பிளக் உண்டு, கரண்டுக்கும் பிளக் உண்டு. பெயரில் இடம் பிடித்தது எந்தப் பிளக் என்பதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் செருகு என்ற வினை கைவசம் இருக்கிறது. பூவைக் கொண்டையில் செருகுகிறோம், அரிவாளைக் கூரையில் செருகுகிறோம், தூக்கத்தில் கண் செருகுகிறது. கணினிக்காரர்கள் மென்பொருள் பிளக்-இன்னைச் ‘செருகுநிரல்’ என்று ஆக்கியும் விட்டார்கள். அதனால் ‘செருகு ஹைபிரிட்’ என்பது மோசமில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பிளக்கை விட்டுவிட்டு ‘ரெஷார்ஜாபிள்’ என்கிறார்கள், அதாவது மறுபடி மின்னேற்றக்கூடியது. செருகுவது வெறும் சைகை, மின்னேற்றுவதுதான் காரியம். அவர்கள் காரியத்தைப் பெயராக்கியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் ‘ரேஞ்ச்’. நம் தெருவில் இதற்கு வேறு வாழ்க்கை: ‘அவன் ரேஞ்சே வேற.’ பழைய பிரெஞ்சில் வரிசை என்ற பொருளுள்ள சொல்லின் பிள்ளைகள்தான் ரேஞ்சும் ரேங்க்கும். வரிசையில் யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் அதன் ஆதி. அந்த வகையில் தெருப்பேச்சு சரியாகவே பேசுகிறது. கார் விஷயத்தில், ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதே ரேஞ்ச். ‘வீச்சு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பீரங்கிக்குப் பொருந்தும். காருக்கு ‘செல்தொலைவு’ போதும்.

பிளக்-இன் ஹைபிரிட்டில் செல்தொலைவு இரண்டு. கரண்டில் மட்டும் போகும் தூரம் ஒன்று, பெட்ரோலும் சேர்ந்தால் போகும் தூரம் இன்னொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரி போய் வருவதை எடுத்துக்கொள்கிறேன். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முந்தைய தலைமுறை பிளக்-இன் பிரியஸின் பேட்டரி 8.8 யூனிட். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி மின்சாரத்தில் சுமார் 40 கிலோமீட்டர். காலையில் நிறைத்துக்கொண்டு கிளம்பினால், திரும்பும் வழியில் கிருமாம்பாக்கம், கன்னியகோயில் பக்கம் எஞ்சின் விழித்துக்கொள்ளும். (தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ப் பெட்ரோல் போடுவதும் அங்கேதான். சரியான இடத்தில்தான் விழிக்கிறது.) புதிய பிளக்-இன் பிரியஸில் 13.6 யூனிட், சுமார் 70 கிலோமீட்டர். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வீடு வந்து சேரலாம். அந்த 13.6 யூனிட்டை வீட்டு 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் ஏற்ற ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி போட்டால் விடியலில் தயார். நெய்வேலிப் பக்கத்துக் கரண்ட் என்றால் அதில் பழுப்பு நிலக்கரிதானே ஓடுகிறது என்று யாராவது திண்ணையில் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

டிசைனைப் பற்றிப் பேசும்போது முகப்பு விளக்கையும் கோடுகளையும் பேசுகிறார்கள். நான் டிக்கியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இரண்டு இயக்கத்தையும் ஒரே உடம்பில் அடைத்தால் எங்கோ இடம் பிதுங்கும். 2010இல் வந்த செவர்லே வோல்ட்டின் பேட்டரி ‘டி’ எழுத்து வடிவில் நடுவே நீண்டு படுத்திருந்தது, அதனால் பின்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். 2017 மாடல் பிளக்-இன் பிரியஸிலும் நாலே இருக்கை. டிக்கியின் தரையும் உயர்ந்துவிட்டது. பண்ருட்டியில் நிறுத்திப் பலாப்பழம் ஒன்றை உள்ளே வைக்க வேண்டுமென்றால் இதெல்லாம் கணக்கில் வரும்.

இதைத்தான் ஆங்கிலத்தில் ‘பிராக்டிகல்’ என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்கிறோம். அகராதி ‘நடைமுறைக்கு உகந்த’ என்று இரண்டு சொல்லில் இழுக்கும். ஆனால் நம்மிடம் ‘தோது’ இருக்கிறது. “அந்த வண்டி நமக்குத் தோதுப்படாது” என்று அம்மா சொன்னால் விலை, இடம், பழக்கம், அக்கம்பக்கம் எல்லாம் அதில் அடங்கிவிடும். தோது என்பது வண்டியின் குணம் மட்டும் இல்லை, வண்டிக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தம். தினம் ஐம்பது கிலோமீட்டர் போகிறவர், சொந்த வீடு, வாசலில் பாயிண்ட் என்றால் தோது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த எங்களுக்கு, பெட்ரோலிலும் ஓடும் என்பது ஒரு நிம்மதி. தோதுப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021இல் பதிவான கார்களின் ஓட்டத் தரவைத் திரட்டிய ஐரோப்பிய ஆணையம், பிளக்-இன் ஹைபிரிட்கள் சோதனைக்கூட அளவைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயு விடுவதாக 2024இல் சொன்னது. முக்கியக் காரணம், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு சார்ஜ் போட்டு ஓட்டவில்லை. இந்தியாவில் இந்த வகையில் வந்தவையே குறைவு. பிஎம்டபிள்யூ ஐ8, வோல்வோ எக்ஸ்சி90 டி8 போன்றவை கோடி ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருந்த விலை. ரேஞ்சே வேறு.

சரி, தமிழ்ச் சொல். மிதிவண்டியை ‘ஈருருளி’ என்றார்கள். அதே வழியில் இரண்டு இயக்கம் உள்ளது ‘ஈரியக்கக் கார்’. சாதாரண ஹைபிரிட்டுக்கு இது போதும், மாடும் பன்றியும் நினைவுக்கு வராது. பிளக்-இன் வகை என்றால் முன்னால் காரியத்தைச் சேர்த்து ‘மின்னேற்று ஈரியக்கக் கார்’. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் ‘சார்ஜ் போடுற ஹைபிரிட்’ என்றாலே விஷயம் முடிந்தது. அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

மைத்துனர் இரண்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என் மகள் கேட்டாள், “ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுடுவீங்களா மாமா?”

“எங்கம்மா? நாலாவது மாடி. கீழே பார்க்கிங்ல பாயிண்ட் கிடையாது. வாரத்துல ஒரு நாள், சாமான் வாங்கப் போற கடையில போடுவேன்.”

“அப்ப அது வெறும் இப்ரீத்தான் மாமா.”