தேரைக் குஞ்சும் நீரில் மூழ்கி இறக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு இப்படி என்னை அழைத்த பள்ளிகளில் இது நான்காவது. திடலில் தேங்கிய குட்டையிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அள்ளிவந்து, ஒரு மாதத்திற்கும் மேலாகக் கண்ணாடித் தொட்டியில் அக்கறையோடு வளர்த்த தேரையின் தலைப்பிரட்டைகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை, நான்கு கால்களும் முளைத்த நிலையில் இறந்து மிதந்தன. தண்ணீரில் நஞ்சு ஏதும் கலந்துவிட்டதா என்று ஆசிரியர் கேட்டார். மூச்சுவிட வழியின்றி மூழ்கி இறந்திருக்கின்றன என்று நான் சொன்னபோது, தண்ணீரிலேயே பிறந்த உயிர் தண்ணீரில் எப்படி மூழ்கும் என்று அவர் நம்ப மறுத்தார்.

ஆண்டுதோறும் இத்தனை குஞ்சுகளைக் கொல்வது இந்த நம்பிக்கைதான். நீரில் வாழ்வது வேறு, நீருக்குள் மூச்சுவிடுவது வேறு. தலைப்பிரட்டை செவுள்களால் சுவாசிக்கிறது. பின்னங்கால்கள் முளைத்த பிறகும் பல நாள்கள் அந்த நிலை மாறுவதில்லை. முன்னங்கால்கள் வெளிவந்ததும் செவுள்கள் மறையத் தொடங்குகின்றன, மூச்சு நுரையீரலுக்கு மாறுகிறது, நீந்த உதவிய வாலும் நாளுக்கு நாள் குறுகுகிறது. செவுளும் இல்லாமல், வாலும் இல்லாமல், ஏறி உட்காரச் சரிவும் இல்லாமல் போனால், அந்தச் சிற்றுயிர் செங்குத்தான கண்ணாடிச் சுவரை முட்டி முட்டிக் களைத்து மூழ்கத்தான் செய்யும். குட்டையில் அது பிழைப்பதற்குக் காரணம் அங்கே கரை சரிவாக இருப்பதே. முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த குஞ்சு, வளர்ந்த விலங்கு என்று அம்புக்குறியிட்டு நாம் வரைந்து காட்டும் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் அந்தக் கரையை யாரும் வரைவதில்லை.

வால் உதிர்ந்து விழுவதும் இல்லை. தைராய்டு சுரப்பின் தூண்டுதலால் உடலே அதைக் கரைத்து உணவாக்கிக்கொள்கிறது. (குதிரையின் தைராய்டுச் சுரப்பியைத் தின்னக் கொடுத்தால் தலைப்பிரட்டைகள் காலத்திற்கு முன்பே உருமாறுகின்றன என்பதை 1912-இல் குடெர்னாட்ச் என்ற ஆய்வாளர் காட்டினார்.) வாயும் குடலும் பூச்சியுணவுக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும் அந்நாள்களில் குஞ்சு எதையும் உண்ணாது. சாப்பிடவில்லையே என்று சோற்றையும் ரொட்டியையும் கொட்டி நீரை அழுக விடாதீர்கள்.

முட்டைச் சரங்களையும் தலைப்பிரட்டைகளையும் இருக்கும் இடத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே எடுத்துவந்திருந்தால், குளோரின் கலந்த குழாய்நீரை நேரடியாக ஊற்றாதீர்கள். குட்டை நீரோ மழைநீரோ போதும். முன்னங்கால் தெரிந்த அன்றே நீரை இரண்டு விரற்கடை ஆழத்திற்குக் குறைத்து, பாதி வெளியே நீளும்படி ஓட்டுத்துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். எடுத்த குட்டையின் கரையிலேயே திரும்ப விடுங்கள். வேறு குளத்தில் விட்டால் மீன்களுக்கு இரையாகலாம், நோயும் இடம்மாறலாம்.

வீட்டில் சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் வெண்ணுரை மரத்தவளையின் கூடு. அதைச் சுரண்டி எறியாதீர்கள். சில நாள்களில் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் நீரில் விழும். அவை வளர்ந்து ஏறிவர ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வைத்தால் போதும்.

அந்தப் பள்ளியில் பின்னங்கால் மட்டும் முளைத்திருந்த பன்னிரண்டு உயிரோடு இருந்தன. அன்று மாலையே பிள்ளைகள் அவற்றைத் திடலின் குட்டையில் விட்டார்கள். அதில் இன்னும் கணுக்கால் அளவு நீர் இருந்தது.